பேர் வைக்காததையும் சொல்லணுமா?

போன மாதம் ஒரு நண்பர் பேச்சோடு பேச்சாகச் சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வெயிலில் ஆரம்பித்த பேச்சு தண்ணீர், காடு, குப்பை என்று எங்கெங்கோ போய், கடைசியில் "எல்லாத்துக்கும் ஜனத்தொகைதான் காரணம். பாதிப் பேர் குறைஞ்சாத்தான் பூமி மூச்சு விடும்" என்று முடித்தார். மனிதர் ஈரமில்லாதவர் இல்லை. தெருவில் ஒரு நாய்க்கு அடிபட்டால் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். அதனால்தான் அந்த வார்த்தை அவ்வளவு உறுத்தியது. எந்தப் பாதி என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை. ஏனென்றால் பல வருடம் வகுப்பறையில் நின்று கிட்டத்தட்ட இதையேதான் நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நான் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். மக்கள்தொகைப் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு கோடு வரைவேன். இடது ஓரத்தில் தொடங்கி தரையோடு தரையாகப் போய்க்கொண்டே இருக்கும் கோடு, வலது ஓரத்துக்கு ஒரு சாண் தூரம் இருக்கும்போது திடீரென்று நிமிர்ந்து ஏறும். 1804 வாக்கில் 100 கோடி. அந்த எண்ணைத் தொட மனிதருக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆயின. 1927ல் 200 கோடி, 1960ல் 300, 1974ல் 400, 1987ல் 500, 1999ல் 600. சாக்பீஸ் மேலே போகப் போகப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், நானும் குதிகாலை உயர்த்தி பலகையின் உச்சி வரைக்கும் இழுப்பேன். அப்புறம் 'காரணங்கள்' என்று தலைப்புப் போட்டு முதல் வரியில் 'அறியாமை' என்று எழுதுவேன். இரண்டாவது 'கல்வியின்மை'. பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு பரீட்சையில் அப்படியே திருப்பி எழுதுவார்கள், நான் முழு மதிப்பெண் போடுவேன். அந்த 'அறியாமை' என்கிற சொல் யாரைக் குறிக்கிறது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இரண்டு கட்டங்கள்

2011ல் எனக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை கொடுத்தார்கள். அட்டையில் படிவத்தைச் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். பெயர், வயது, உறவு, படிப்பு, வேலை என்று கேள்விகள் நீளும். கல்யாணமான பெண்களிடம் கூடுதலாகக் கேட்க வேண்டியவற்றில் முக்கியமானவை இரண்டு. இப்போது உயிரோடு இருக்கும் பிள்ளைகள் எத்தனை, இதுவரை உயிரோடு பிறந்தவர்கள் மொத்தம் எத்தனை. இரண்டையும் ஆண் தனியாக, பெண் தனியாக எழுத வேண்டும். பயிற்சி வகுப்பில் இந்த இடத்தை ஐந்து நிமிடத்தில் கடந்துவிட்டார்கள். ஒரு மூச்சு விட்டு இறந்த குழந்தையாக இருந்தாலும் பிறந்ததாகவே கணக்கு என்று மட்டும் அழுத்திச் சொன்னார்கள்.

ஒரு சாயங்காலம், அன்றைய கடைசி வீடு. கால் வலி வேறு. எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா திண்ணையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மருமகள் நின்றிருந்தார். நான் நின்றபடியே கேட்டேன். உயிரோடு இருப்பவர்கள் நான்கு, பையன் ரெண்டு பொண்ணு ரெண்டு என்று உடனே சொன்னார். மொத்தம் பிறந்தது எத்தனைம்மா என்றதும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார். கட்டைவிரலால் விரல்கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட ஆரம்பித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஐந்தாவது கணுவில் விரல் நின்றது.

"டீச்சரம்மா, பேர் வைக்காததையும் சொல்லணுமா?"

ஒரு மூச்சு விட்டிருந்தாலும் சொல்லணும்மா என்றேன். பயிற்சியில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி முதல் கணுவிலிருந்து தொடங்கினார். ஒன்பது. ஆண் ஐந்து, பெண் நான்கு. மருமகள் திடுக்கிட்டு, "அத்தை, என்கிட்ட ஏழுன்னுதானே சொல்லியிருக்கீங்க" என்றார். "அந்த ரெண்டும் ராத்திரி பிறந்து விடியறதுக்குள்ள போயிடுச்சு. அதை என்னத்தச் சொல்ல" என்றார் அவர். நான் ஒரு கட்டத்தில் நான்கு எழுதினேன், இன்னொன்றில் ஒன்பது எழுதினேன். அடுத்து மருமகள். பிறந்தது ரெண்டு, இருக்கிறது ரெண்டு. ஒரு நொடியில் முடிந்துவிட்டது.

படிவத்தை மூடும்போது அந்த அம்மா கேட்டார். "வேணும்னு பெத்தது எத்தனைன்னு எழுத அதுல இடம் இருக்கா?"

"இல்லம்மா."

"சரி" என்று சொல்லி துணியை எடுத்து மடிக்கத் தொடங்கிவிட்டார். நான் கிளம்பிவிட்டேன். அந்த வருடம் அக்டோபர் கடைசியில் உலக மக்கள்தொகை 700 கோடியைத் தொட்டதாக ஐநா அறிவித்தது, பள்ளியில் அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பலகையில் கோடு வரைந்தேன். 'காரணங்கள்' என்று எழுதிவிட்டு முதல் வரிக்குக் கையைத் தூக்கினேன். எழுத முடியவில்லை.

அந்த இரண்டு கட்டங்களையும் சும்மா வைக்கவில்லை என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. பிறப்பு இறப்புப் பதிவே சரியாக இல்லாத நாடுகளில் குழந்தைகள் எந்த அளவுக்கு இறக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, வில்லியம் பிராஸ் என்ற ஸ்காட்லாந்து மக்கள்தொகையியலாளர் 1960களில் உருவாக்கிய வழி அது. தாயிடம் எத்தனை பிறந்தது, எத்தனை இருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதும், அந்த வித்தியாசத்திலிருந்து ஒரு நாட்டின் குழந்தை இறப்பு விகிதத்தையே கணக்கிடலாம். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிந்தது. நான் பலகையில் இழுத்த கோடு முழுவதும் அந்த இரண்டு கட்டங்களுக்குள்தான் இருக்கிறது.

1800 வாக்கில் உலகில் பிறந்த பத்துக் குழந்தைகளில் நான்கு பேர் ஐந்து வயதைப் பார்க்கவில்லை. ஒரு தாய் ஆறு பெற்றாலும் வளர்ந்து ஆளாகி அவர்களும் பெற்றோர் ஆவது இரண்டு பேர், மிஞ்சிப்போனால் மூன்று பேர். கோடு தரையோடு கிடந்த காலமெல்லாம் அப்படித்தான் கிடந்தது. அது தட்டையாக இருந்ததற்கு யாருடைய அறிவும் காரணமில்லை, சாவுதான் காரணம். பிறகு சுத்தமான தண்ணீர் வந்தது, தடுப்பூசி வந்தது, 1980ல் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தார்கள், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் வயிற்றுப்போக்கில் போக இருந்த குழந்தைகளைக் கோடிக்கணக்கில் நிறுத்திவைத்தது. முதல் கட்டம் இரண்டாவது கட்டத்தை எட்டிப் பிடித்தது. மக்கள் திடீரென்று அதிகம் பெற ஆரம்பித்து கோடு ஏறவில்லை. பெற்றது தங்க ஆரம்பித்து ஏறியது. இதைப் பாடத்தில் 'பிரச்சினை' என்ற தலைப்பின் கீழே மட்டும் வைத்துச் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வந்ததும் பெறுவது குறைகிறது. உடனே இல்லை, ஒரு தலைமுறை பிந்தி. அந்த ஒரு தலைமுறை இடைவெளிதான் கோட்டின் செங்குத்து. 1960களில் உலகச் சராசரி ஒரு பெண்ணுக்கு ஐந்து பிள்ளை. இப்போது இரண்டேகால். ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் வளர்ந்துகொண்டிருந்த மக்கள்தொகை இப்போது ஒரு சதவீதம்கூட வளர்வதில்லை. 2022 நவம்பரில் 800 கோடி ஆனோம், சரி. ஆனால் 2080களில் 1,030 கோடியைத் தொட்டு அதன் பிறகு மெல்ல இறங்கும் என்பது 2024ல் ஐநா போட்ட கணக்கு. என் பலகையில் அந்த வளைவு ஒருநாளும் வந்ததில்லை. கோடு உச்சியைத் தொட்டதும் பாடத்தை முடித்துவிடுவேன்.

எந்தப் பாதி

நண்பர் சொன்ன 'பாதி'க்கு வருகிறேன். 800 கோடியில் பாதி 400 கோடி. அது 1974. அப்படியானால் 1974ல் பூமி நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். அதே 1974ல்தான் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள், குளிர்சாதனப் பெட்டியிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருக்கும் குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று கட்டுரை வெளியிட்டார்கள். 400 கோடிப் பேர் இருந்தபோது வானத்தில் ஓட்டை போடும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. 1987ல் அந்த வாயுக்களைக் கைவிட நாடுகள் ஒப்புக்கொண்ட மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அதற்குப் பிறகு 300 கோடிப் பேர் கூடியிருக்கிறோம். ஓசோனை அழிக்கும் பொருட்களில் கிட்டத்தட்ட 99 சதவீதம் ஒழிந்துவிட்டது. இப்படியே போனால் பூமியின் பெரும்பகுதிக்கு மேல் 2040 வாக்கிலும், அண்டார்டிகாவுக்கு மேல் 2066 வாக்கிலும் ஓசோன் 1980ல் இருந்த நிலைக்குத் திரும்பிவிடும் என்று விஞ்ஞானிகள் கணித்திருக்கிறார்கள். தலைகள் ஏறின, காயம் ஆறுகிறது. இந்த ஒரு உதாரணத்தை நான் ஒரு வகுப்பிலும் சொல்லாமல் விட்டதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலையும் சொல்லலாம். நானூறு ஆண்டுக்கு மேல் படகுகள் காட் மீனை அள்ளியும் வற்றாத கடல். பெரிய இழுவலைக் கப்பல்கள் வந்த பிறகு 1968ல் மட்டும் எட்டு லட்சம் டன் பிடித்தார்கள். 1992ல் அங்கே அந்த மீன்பிடிப்பையே தடை செய்ய வேண்டியதாயிற்று. கடலை வழித்தெடுத்தது அந்தக் கரையில் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை இல்லை.

'பாதிப் பேர்' என்று சொல்லும்போது நம் மனக்கண்ணில் யார் வருகிறார்கள்? நெருக்கியடித்து நிற்கும் கூட்டம், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ஒரு தாய். சொல்கிறவரும் அவர் வீட்டாரும் அந்தக் கூட்டத்தில் வரவே மாட்டார்கள். சரி, அந்தப் பாதியையே எடுத்துக் கணக்குப் போடுவோம். வருமானத்தில் கீழே இருக்கும் பாதி உலகம் வெளியேற்றும் கார்பன், கணக்கிடும் முறையைப் பொறுத்து மொத்தத்தில் 8 முதல் 12 சதவீதம். மேல்தட்டில் இருக்கும் பத்து சதவீதம் பேர் வெளியேற்றுவது கிட்டத்தட்ட பாதி. நானூறு கோடி உயிர்கள் இல்லாமல் போனாலும் புகையில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கும் என்று அர்த்தம். பெண்ணுக்கு ஆறு பிள்ளை என்று உலகமே சுட்டிக்காட்டும் நைஜர் நாட்டில் ஒரு ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 0.1 டன் கார்பன் டை ஆக்சைடு. அமெரிக்காவில் 14 டன். அமெரிக்காவில் பிறக்கும் ஒரு குழந்தையின் புகையும் நைஜரில் நூறுக்கு மேற்பட்ட குழந்தைகளின் புகையும் சமம்.

பாரம் உண்மைதான்

இதையெல்லாம் சொல்வதால் எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கார்பனில் வேண்டுமானால் கோடீஸ்வரரும் கூலிக்காரரும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசப்படலாம். வயிறு அப்படி இல்லை. பணக்காரர் நூறு மடங்கு சாப்பிட முடியாது, ஏழை சாப்பிடாமல் இருக்கவும் முடியாது. 1909ல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலிருக்கும் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிக் காட்டினார், நான்கே ஆண்டில் கார்ல் பாஷ் அதைப் பெரிய தொழிற்சாலையில் செய்தார். இன்றைக்கு உலகில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு அந்த உரத்தை நம்பித்தான் இருக்கிறது. உரத்தில் பயிர் குடித்தது போக மிச்சம் ஆற்றோடு போகிறது. மிசிசிப்பி ஆறு கொண்டுபோய்ச் சேர்க்கும் உரத்தால் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் ஒரு பெரும் பரப்பு, ஆக்சிஜன் இல்லாமல், மீன் வாழ முடியாத தண்ணீராகிவிடுகிறது. வாழத் தகுந்த நிலத்தில் கிட்டத்தட்ட பாதி விவசாயத்துக்குப் போய்விட்டது, ஆற்றிலும் நிலத்தடியிலும் நாம் எடுக்கும் நன்னீரில் எழுபது சதவீதமும் அதற்குத்தான். 2018ல் வந்த ஒரு ஆய்வு உலகத்துப் பாலூட்டிகளை எல்லாம் சேர்த்து எடை போட்டது. கால்நடை 60 சதவீதம், மனிதர் 36, காட்டில் இருக்கும் யானை, புலி, மானிலிருந்து கடலில் இருக்கும் திமிங்கலம் வரைக்கும் எல்லாம் சேர்த்து 4. இந்த நான்கு என்ற எண்ணை முதலில் படித்தபோது திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஆனால் அந்த அறுபதையும் பார்க்க வேண்டும். விவசாய நிலத்தில் முக்கால் பங்குக்கு மேல் மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும் போகிறது, அதிலிருந்து மனிதருக்குக் கிடைக்கும் கலோரி ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 2022ல் மட்டும் வீடுகளிலும் கடைகளிலும் உணவகங்களிலும் 105 கோடி டன் உணவு குப்பைக்குப் போனது. எத்தனை பேர் என்ற கேள்வியை எதை எவ்வளவு என்ற கேள்வியிலிருந்து பிரித்தெடுக்கவே முடியாது. இன்னொன்று, நாளையிலிருந்தே எல்லோரும் இரண்டோடு நிறுத்தினாலும் எண்ணிக்கை சில பத்தாண்டுகளுக்கு ஏறத்தான் செய்யும், ஏனென்றால் நாளைய தாய்மார்கள் ஏற்கனவே பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் பூமியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதைப் பிரசவ அறையில் தேடிப் பயனில்லை.

படிவத்தில் இல்லாத கட்டம்

இருந்தாலும் தேடினார்கள். 1976ல் இந்தியாவில் அவசரநிலையின்போது ஒரே ஆண்டில் 60 லட்சத்துக்கும் அதிகமான ஆண்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது, பலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். 1990களில் பெருவில், பெரும்பாலும் மலையில் வாழும் ஏழைப் பழங்குடிப் பெண்களுக்கு, சம்மதம் என்ற பேச்சே இல்லாமல் ஆயிரக்கணக்கில் அறுவை செய்தார்கள். சீனா 2015 வரை ஒரு குழந்தைக்கு மேல் கூடாது என்றது. இப்போது அங்கே மக்கள்தொகை குறைய ஆரம்பித்துவிட்டது, மூன்று பெற்றுக்கொள்ளலாம் என்கிறார்கள். தென்கொரியாவில் 2023ல் ஒரு பெண்ணுக்கு 0.72 பிள்ளை என்று இறங்கியது, அங்கே பெற்றுக்கொள்ளச் சொல்லிப் பணம் கொடுக்கிறார்கள். ருமேனியாவில் 1966ல் நேர் எதிராக நடந்தது. ஆள் போதாது என்று அந்த நாட்டை ஆண்ட சௌசெஸ்கு கருக்கலைப்பைத் தடை செய்தார். ஒளித்து மறைத்துக் கலைக்கப் போய்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள், வளர்க்க முடியாமல் விட்ட குழந்தைகளால் விடுதிகள் நிரம்பின. பெறாதே என்ற குரலும் பெறு என்ற குரலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. இரண்டுமே பெண்ணை எண்ணுகின்றன, கேட்பதில்லை.

கேட்ட இடத்தில் என்ன நடந்தது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஈரானில் 1980களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஆறு பிள்ளைக்கு மேல். கிராமம் தோறும் சுகாதார இல்லம், இலவசக் கருத்தடைச் சாதனம், பெண்களுக்குப் பள்ளிக்கூடம், கல்யாணத்துக்கு முன்னால் மணமக்களுக்கு வகுப்பு. இருபது வருடம் போல ஆனபோது இரண்டு. சீனாவைப் போலக் கட்டாயப்படுத்தாமலே அங்கே நடந்தது. பங்களாதேஷில் பெண் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள், அங்கேயும் ஆறுக்கு மேல் இருந்தது இரண்டுக்குப் பக்கத்தில் வந்தது. 1994ல் கெய்ரோவில் நடந்த ஐநா மக்கள்தொகை மாநாட்டில் 179 நாடுகள் இலக்கு வைத்துப் பிடிப்பதை விட்டுவிட்டுப் பெண்ணின் உரிமையிலிருந்து தொடங்குவோம் என்று ஒப்புக்கொண்டன. அப்படியிருந்தும் உலகத்தில் வரும் கர்ப்பங்களில் கிட்டத்தட்ட பாதி, ஆண்டுக்குச் சுமார் 12 கோடி, அந்தப் பெண் எதிர்பார்த்து வந்தது இல்லை என்று 2022ல் ஐநா மக்கள்தொகை நிதியம் சொன்னது. இதைப் படித்த அன்று அந்தத் திண்ணையும் மடித்த துணியும்தான் கண்முன் வந்தன. வேணும்னு பெத்தது எத்தனை. அவர் கேட்ட கட்டத்தில் சேராதது இந்தப் பன்னிரண்டு கோடிதான்.

பணியில் இருந்த கடைசி வருடங்களில் பாடத்தை வேறு மாதிரி நடத்தினேன். கோடு வரைவதற்கு முன்னால் பிள்ளைகளை வீட்டில் பாட்டியிடம் அந்த இரண்டு கேள்வியையும் கேட்டுக்கொண்டு வரச் சொன்னேன். பொதுவாக இரைச்சலாக இருக்கும் வகுப்பு மறுநாள் அமைதியாக இருந்தது. எட்டுக்கு ஐந்து, ஏழுக்கு ஏழு, பதினொன்றுக்கு ஆறு என்று பலகை நிரம்பியது. ஒரு பையன் மட்டும், பாட்டி பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்கள் என்றான். அந்த இடத்தைக் காலியாகவே விட்டோம். அன்றைக்கு 'காரணங்கள்' என்ற தலைப்பை நான் எழுதவில்லை, பிள்ளைகளே பேசிக்கொண்டார்கள்.

என் தம்பி மகளும் இப்போது ஆசிரியை. அடுத்த கணக்கெடுப்பில் அவளுக்கும் வேலை வரலாம் என்கிறார்கள், இந்த முறை கைபேசியிலேயே பதிவாம். எதையெல்லாம் கவனிக்கணும் அத்தை என்று கேட்டாள். வயதைச் சரிபார்க்கச் சொன்னேன், வெயிலுக்கு முன்னால் கிளம்பச் சொன்னேன். பிள்ளைகளைப் பற்றிய கேள்வி வரும்போது மட்டும் நின்றுகொண்டு கேட்காதே, உட்கார்ந்துகொள் என்றேன். ஏன் என்றாள். சிலர் விரல் விட்டு எண்ணுவார்கள், நடுவில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், அதற்கு நேரமாகும் என்றேன்.